கையெழுத்துப் போடாத மகாராஜா

சாமி கும்பிடப் போவதற்குக்கூட சாமிக்கு முன் அறிவிப்பு கொடுத்துவிட்டுப் போன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ராயபுரத்தில் இருந்தார். அவரிடம் நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். நம்ப முடியாதவர்கள் அடுத்த பக்கத்து ராசிபலனுக்குப் போய்விடலாம். மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வாசலில் பித்தளைப் பலகையில் பளபளவென்று இருக்கும். ஆனால் துறைமுகத்து மதிலிலிருந்து காசிமேடு வரைக்கும் யாரிடம் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘ஷரத்து வக்கீல்’ என்றால் கையைப் பிடித்து அழைத்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் வரிசையாக வரும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஷரத்து என்று பெயர். அந்த மனிதர் தும்மினாலே இரண்டு ஷரத்து உதிரும்.

அவர் கம்பெனி வக்கீல். கொலை, திருட்டு, ஜாமீன் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். கப்பல் ஏஜென்சி, அரிசி மில், தோல் மண்டி என்று வருகிறவர்களுக்கெல்லாம் கம்பெனி சாசனம் எழுதிக் கொடுப்பதுதான் தொழில். சுதந்திரம் வந்த புதிது. ஆளாளுக்கு ஏதாவது ஒரு கம்பெனி ஆரம்பித்துக்கொண்டிருந்தார்கள். அதனாலோ என்னவோ, யார் என்ன கஷ்டத்தோடு வந்தாலும் அவர் கைவசம் இருந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: கம்பெனி ஆரம்பி.

காசிமேட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு கட்டுமரத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். இவர் அவர்கள் மண்டைக்கு டிஞ்சர் போட்டு, இரண்டு பேரையும் டைரக்டராக்கி, கட்டுமரத்தைக் கம்பெனிச் சொத்தாக்கி அனுப்பிவைத்தார். ஒரு வாரம் கழித்து அவர்களுடைய பெண்டாட்டிகள் முறத்தோடு வந்து சேர்ந்தார்கள். டைரக்டர் ஆனவன் காலை நனைப்பானா என்று இரண்டு பேரும் கரையிலேயே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம், அடுப்பு எரிந்து நாலு நாள் ஆகிறதாம். வக்கீல் அசரவில்லை. டைரக்டர்கள் மீன் பிடிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சாசனத்தில் ஒரு திருத்தம் சேர்த்தார். அதை நான்தான் டைப் அடித்தேன். மறுநாள் கட்டுமரம் கடலுக்குப் போனது.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் ரயிலேறித் திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போவார். முதல் நாள் வியாழக்கிழமை சாயங்காலமே வீட்டுக் கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் நின்று, நாளை மாலை தரிசனத்துக்கு வர உத்தேசம், எடுத்துக்கொள்ளப்படும் விஷயங்கள் பின்வருமாறு என்று வாய்விட்டு அறிவிப்பார். ஒன்று, மனைவியின் மூட்டுவலி. இரண்டு, சென்ற வாரம் வேண்டிக்கொண்டவற்றின் முன்னேற்றம். மூன்று, இறைவன் அனுமதியுடன் வேறு ஏதேனும். அடுத்த அறையில் டைப் அடித்துக்கொண்டிருக்கும் நான் சிரிப்பை அடக்க ரிப்பனைக் கடிக்காத குறை.

சன்னதியிலும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு வரிசைக்கிரமமாகப் போவார். பின்னால் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குருக்கள் தட்டை ஆட்டி, “பின்னாடி ஜனங்க நிக்கறா, கொஞ்சம் நகரலாமே” என்றால், கண்ணைத் திறக்காமலே, “நாங்க இன்னும் ரெண்டாவது விஷயத்துலதான் இருக்கோம்” என்பார். நாங்கள் என்றால் அவரும் சாமியும். ஆனால் ஓதுவார் பாட ஆரம்பித்துவிட்டால் போதும், எல்லாக் குறிப்பும் மறந்துபோய் அந்த மனிதர் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றும். துடைத்துக்கொள்ளக்கூட மாட்டார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

படிப்பு என்றால் அவருக்கு உயிர். ராத்திரி எட்டு மணிவரை அவர் வீட்டுக் கீழ்க்கூடம் துறைமுகத் தொழிலாளர்களுக்குப் பள்ளிக்கூடம். மற்ற பள்ளிக்கூடங்களில் முதல் பாடம் அ, ஆ. இங்கே முதல் பாடம், வாசிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே, கைநாட்டும் வைக்காதே என்பது. அதை எல்லோரும் எழுந்து நின்று சத்தமாகச் சொல்லவேண்டும். அந்த ஊரில் என்னவென்றே தெரியாமல் கட்டை விரலை உருட்டிவிட்டு வீட்டை இழந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். அதைப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு ஷரத்தும் இருக்காது, வெறும் கோபம்தான் இருக்கும்.

அவர் தானே அந்தப் பாடத்துக்கு உதாரணமாக வாழ்ந்தார். தபால்காரர் நீட்டுகிற ரசீதைக்கூட முன்னும் பின்னும் திருப்பி வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து. மகன் இல்லாத வீட்டில் ஒரே மகள் திலகம் பள்ளிக்கூட ரிப்போர்ட் கொண்டுவந்தால், அச்சடித்தவர் விலாசம் வரைக்கும் வாசித்த பிறகுதான் பேனா மூடியைத் திருகுவார்.

திலகம் பி.ஏ. முடித்திருந்தாள். ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அவள்தான். அவளுடைய மாணவர்களில் தலைமாணவன் கிரேன் கோவிந்தன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஆறடி ஆள். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாள் முதல் அவன் தொல்லை தாங்கவில்லை. கடைப் பலகை, சோடா பாட்டில், சினிமா நோட்டீஸ், ‘இங்கே அசுத்தம் செய்யாதீர்’ எல்லாவற்றையும் தெருவே கேட்க வாசித்துக்கொண்டு போவான். திலகத்தை அவன் “டீச்சரம்மா” என்று கூப்பிடும்போது அந்த ஆறடியும் நாலடியாகக் குனிந்துவிடும்.

இப்போது குடும்பம். வக்கீல் தன் குடும்பத்தையும் கம்பெனியாகத்தான் நடத்தினார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் பொதுக்குழு கூடும். உறுப்பினர்கள் அவர் மனைவி, திலகம், திருவொற்றியூரில் இருந்து வருகிற அவருடைய அக்கா. தலைவர் இவர். வெண்டைக்காயா கத்தரிக்காயா என்பது முதல், வீட்டுக்கு வெள்ளையடிப்பது வரை எல்லாம் ஓட்டுக்கு விடப்படும். ஆரம்பத்தில் ஒருமுறை, கிராமபோன் வாங்குவதைப் பற்றி இவர் பேசோ பேசென்று பேசி ஜெயித்துவிட்டார். அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “நீங்களே வக்கீல், நீங்களே ஜட்ஜு. அப்ப நாங்க எதுக்கு மெனக்கெட்டு மாடி ஏறணும்?” நியாயமான கேள்வி என்று இவருக்குப் பட்டுவிட்டது. அன்றைக்கே விதியைத் திருத்தினார். தலைவர் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லக்கூடாது, ஓட்டும் போடக்கூடாது. அந்தத் திருத்தத்தையும் நான்தான் டைப் அடித்தேன். அது அவர் கழுத்திலேயே வந்து விழும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு வரனோடு வந்தார். பையன் வண்ணாரப்பேட்டை இரும்பு வியாபாரியின் மகன், தங்கமான பிள்ளை. திலகமோ சட்டக் கல்லூரியில் சேரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் வாதம் சுருக்கமானது. பி.ஏ. படித்ததற்கே மாப்பிள்ளை தேடிச் செருப்புத் தேய்ந்துவிட்டது, இதற்கு மேல் வக்கீலுக்கும் படித்தால் ஜட்ஜைத்தான் தேடவேண்டும். திலகம் பேசினாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, படித்துவிட்டுச் செய்துகொள்கிறேன் என்றுதான் சொன்னாள். சொல்லும்போது அப்பாவையே பார்த்தாள். அப்பா உத்தரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பெற்ற வயிற்றின் பயத்தில் அம்மா அக்கா பக்கம் கையைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஞாயிறு காலை தட்டு மாற்றுவதென்று முடிவானது.

திலகம் அழவில்லை. அப்பாவின் மேஜையிலிருந்து எடுத்து வைத்திருந்த சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து அதன் இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை தீர்மானத்தை டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தபோது, “சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று கேட்டேவிட்டேன்.

“சேர்மன் பேசக்கூடாதுப்பா” என்றார். நாலு வரித் தீர்மானம். அதை அவர் வாசித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை சாமிக்குக் கொடுத்த அறிவிப்பில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. “ஒன்று, திலகம்” என்றார். இரண்டாவது என்ன என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது இல்லை.

சனிக்கிழமை நாடகம். ஆமாம், அவருக்கு நாடகப் பைத்தியமும் உண்டு. ராத்திரிப் பள்ளிக்கூடத்து ஆட்களைச் சேர்த்து ஒரு நாடக சபை வைத்திருந்தார். அதற்கும் சாசனம் உண்டு, ‘கதாநாயகியாக நடிப்பவர் சபையின் அனுமதியின்றி மீசை வளர்க்கலாகாது’ என்று அதில் ஒரு ஷரத்தும் உண்டு. கதாநாயகி நம் கிரேன் கோவிந்தன். நாடகத்தை எழுதியது வக்கீல். ‘முத்துத்தீவு இளவரசி’ என்று பெயர். அதில் காதலன் இளவரசியிடம், “மேற்படி சந்திரனைச் சாட்சியாக வைத்து, என் சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் உன்னை நேசிக்கிறேன்” என்பான். கொட்டகையில் விசில் பறக்கும். காசிமேட்டுப் பையன்கள் நிஜக் காதலுக்கே அந்த வசனத்தைப் பயன்படுத்தினார்கள் என்று கேள்வி.

காசிமேட்டுக் கடற்கரையில் கொட்டகை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், கருவாட்டு வாசனை, நடுநடுவே துறைமுகத்துச் சங்கு. சங்கு ஊதினால் எந்த ராஜாவும் வசனத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும். முன்வரிசையில் இரும்பு வியாபாரி குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் நாடகப் பிரியர். நாடகம் பார்த்துவிட்டு ராயபுரத்திலேயே தங்கி, காலையில் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. பெண்கள் பக்கம் அக்கா, அம்மா, நடுவில் திலகம். நான் படுதாவுக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்கிறவன்.

வக்கீல்தான் மகாராஜா. முக்கியமான கட்டம் வந்தது. பக்கத்து நாட்டுச் சக்கரவர்த்தியின் தூதன் திருமண உடன்படிக்கையை நீட்டவேண்டும். மகாராஜா கையெழுத்துப் போட்டு இளவரசியைத் தாரை வார்க்கவேண்டும். அதற்குப் பிறகுதான் இளவரசி கடலில் குதிப்பது, காதலன் காப்பாற்றுவது, யுத்தம் எல்லாம். தூதன் வேஷம் எங்கள் தெருத் தபால்காரர். உடன்படிக்கைக்காக ஆபீஸில் கிடந்த ஒரு பழைய டைப் காகிதத்தைச் சுருட்டி, சிவப்பு நாடா கட்டி நான்தான் கொடுத்திருந்தேன்.

தூதன் நீட்டினார். மகாராஜா நாடாவை அவிழ்த்தார். மடியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒத்திகையில் கண்ணாடி கிடையாது. “போடுங்க சார், கையெழுத்து” என்று படுதா வழியாகக் கிசுகிசுத்தேன்.

“வாசிக்காம எப்படிப்பா?” என்றார் மகாராஜா, கொட்டகைக்கே கேட்கும்படி. பிறகு கணீரென்று வாசிக்க ஆரம்பித்தார். ஊறவைத்த ஆட்டுத்தோல்களை மழைக்காலத்தில் வைத்துக்கொள்வதற்கான கிடங்கு வாடகை ஒப்பந்தம் அது. முத்துத்தீவு மகாராஜா ஆட்டுத்தோலைப் பற்றி ஒரு பத்தி முழுக்க வாசித்தார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தைத் தாழ்த்தி, தூதனைப் பார்த்து, “இதில் பெண்ணின் சம்மதம் எங்கே?” என்றார்.

தபால்காரர் என்னைப் பார்த்தார். என் நோட்டில் அப்படி ஒரு வசனமே கிடையாது. “அது வழக்கமில்லீங்களே மகாராஜா” என்றார்.

“இளவரசி மைனரா?”

தெருவில் எல்லோர் வயசும் தெரிந்த தபால்காரர் தன்னையறியாமல் நிஜத்தைச் சொல்லிவிட்டார்: “மைனரா? பி.ஏ. முடிச்சாச்சுங்களே.”

முன்வரிசையில் சிரிப்பு சட்டென்று நின்றது. இளவரசியை அழைத்து வரச் சொன்னார் மகாராஜா. இளவரசி அப்போது கொட்டகைக்குப் பின்னால் பீடி பிடித்துக்கொண்டிருந்தாள். யாரோ பிடித்துத் தள்ள, முந்தானையைச் சரிசெய்தபடி உள்ளே வந்தாள். மகாராஜா கேட்டார். “அம்மா, உன்னைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். உனக்கு என்ன இஷ்டம், சொல்.” சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் பார்வை கோவிந்தன் தலைக்கு மேலே, பெண்கள் பக்கம் போனது.

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் கையை விரித்தேன். அவனும் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே டீச்சரம்மா உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு விளங்கிவிட்டது. ஆறடி இளவரசி நெஞ்சில் கைவைத்து, இளவரசிக்காக மாசக்கணக்கில் பழகிய கீச்சுக்குரலை மறந்து, துறைமுகமே அதிர்கிற சொந்தக் குரலில் சொன்னாள்:

“எனுக்கு இப்போ கண்ணாலம் வோணாம் நைனா. நா இன்னும் பட்ச்சிகினு கீறேன்.”

அவ்வளவுதான். கொட்டகை எழுந்து நின்றது. “பட்ச்சிகினு இருக்கட்டும், வுடுய்யா” என்று மீன்காரப் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ராத்திரிப் பள்ளிக்கூடத்து ஆட்கள் முதல் பாடத்தை ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மகாராஜா ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்து, ஆட்டுத்தோலை இரண்டாகக் கிழித்துப் போட்டார். திரை விழுந்தது. கல்யாணம் இல்லை என்று ஆனபின் கடலில் குதிப்பதும் இல்லை, யுத்தமும் இல்லை. வாளோடு காத்திருந்த காதலன், “அப்ப நா எதுக்கு சவரம் பண்ணிகினு வந்தேன்?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தான்.

அக்காவும் அம்மாவும் திலகமும் மேடைக்கு ஓடிவந்தார்கள். அவர்கள் பின்னாலேயே இரும்பு வியாபாரி விடுவிடுவென்று வந்தார். ரகளை நிச்சயம் என்று நாங்கள் பெஞ்சை ஓரங்கட்டினோம். அவர் நேரே திலகத்தின் முன்னால் போய் நின்று, “ராஜா கேட்டத நாங்க கேக்காம வுட்டோமே. நீ சொல்லும்மா, உனக்கு என்ன இஷ்டம்?” என்றார். படிக்கவேண்டும் என்றாள் அவள், தலையைக் குனியாமல். “அப்ப படி. என் பையனுக்கு நான் சொல்லிக்கறேன்” என்று சொல்லிவிட்டு, இளவரசியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஆனாலும் பொதுக்குழுத் தீர்மானம் அப்படியே இருக்கிறதே என்றார் அக்கா. இந்த வரன் போனால் இன்னொரு வரன் கொண்டுவருவேன் என்று அதற்கு அர்த்தம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் அந்தத் தீர்மானத்தை ரத்து பண்ணனும்னு சொல்றேன். எல்லாரும் இங்கதானே இருக்கோம், இப்பவே கூட்டத்தை நடத்துங்க” என்றார். ஜெயம் கைக்கெட்டுகிற நேரம். வேறு எந்த மனிதனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். இவர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முன் அறிவிப்பு இல்லாத கூட்டம் செல்லாது என்றார். அவருடைய மனைவி அவரைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. உறுப்பினர்கள் எல்லோரும் ஒருமனதாகச் சம்மதித்தால் மட்டும் அறிவிப்பு தேவையில்லை என்று மெதுவாக இழுத்தார். எல்லோரும் என்றால் அக்காவும்தான்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா திலகத்தைப் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே ஜனங்கள் இன்னும் கலையாமல் அந்த முதல் பாடத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துச் சங்கு ஊதியது, ஓய்ந்தது.

“நடத்தித் தொலைடா தம்பி. நாளைக்குக் கூட்டம்னா நான் மறுபடி மாடி ஏறணும். எனக்குக் கால் வலிக்குது” என்றார் அக்கா. கை தூக்கச் சொன்னபோது அவர் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. அம்மாவும் திலகமும் தூக்கினார்கள். போதுமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது, ராஜ உடையோடு நடந்து வந்தவரிடம் கேட்டேன், பழக்கதோஷத்தில் வாசித்தீர்களா, வேண்டுமென்றே வாசித்தீர்களா என்று. கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“சேர்மன்தாம்ப்பா பேசக்கூடாது. ராஜா பேசக்கூடாதுன்னு எந்த ஷரத்தும் இல்லையே” என்றார்.

சட்டக் கல்லூரியில் சேர்க்கிற நாளில் நானும் கூடப் போனேன். குமாஸ்தா விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்து, தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்றார். அவரைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டவர்போல, ஒரு நாற்காலியும் போட்டு, தண்ணீரும் வைத்து, நிதானமாக வாசியுங்கள் என்று உபசாரம் வேறு செய்தார். நானும் ஒரு சுவர் ஓரமாகச் சாய்ந்துகொண்டேன், எப்படியும் மத்தியானம் ஆகும் என்று. வக்கீல் பேனா மூடியைத் திருகினார். கையெழுத்துப் போட்டார். மூடியைத் திருகிப் பையில் வைத்துக்கொண்டார்.

“சார், நீங்க வாசிக்கவே இல்லையே” என்றேன் பதறிப்போய்.

“அவ வாசிச்சிட்டாப்பா. அது போதும்” என்றார்.

எனக்கு அப்போது அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. முன் அறிவிப்பு கொடுக்காமல் செய்தால் செல்லாது என்பாரே என்று சும்மா நின்றுவிட்டேன். அந்த அறிவிப்பைத்தான், சார், இப்போது கொடுக்கிறேன்.